பெரியப்பாவின் கித்தான் பெல்ட்

கார்த்திகை 9, ஞாயிறு

என் முதலாளி மில்காரரை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. பெரம்பலூர் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய பட்டாளத்துப் பெல்ட், தோட்டாப் பை, தண்ணீர்க் குடுவை என்று சேர்த்து வைத்திருப்பவர். வரதராஜன்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். பட்டாளத்தில் இருந்த பெரியப்பா இப்போது இல்லை. அவர் கட்டிய கித்தான் பெல்ட்டை, அவர் பெயர் எழுதிய அட்டையோடு கண்ணாடிக்குள் வைப்பதாக மில்காரர் சொல்லியிருந்தார். பெரியம்மா கேட்டது அந்தப் பெயர் அட்டை ஒன்றைத்தான்.

பெல்ட் வெள்ளை வெளேரென்று வந்தது. பெரியம்மா அதைச் சோடாவில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கஞ்சியும் போட்டிருந்தார். உள்பக்கம் மையில் எழுதியிருந்த பெயரும் நம்பரும் போய்விட்டன.

"அழுக்குலதாம்மா மதிப்பு. இது யாரோடதுன்னு இப்ப என்ன அத்தாட்சி?" என்றார் மில்காரர்.

"நாந்தாங்க அத்தாட்சி. அவரைக் கட்டுனவ."

அவர் சிரித்தார். அந்த அறையில் பட்டாளத்து உடுப்பு மாட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைக்கு மாட்டலாம், பெயர் போட முடியாது என்றார். கொடுத்த டீயைத் தொடவில்லை. வியர்வைக் கறைக்கு ஏங்குகிற இந்த ஆளுக்கு, அந்த வியர்வைக்காரன் வீட்டு டம்ளர் மட்டும் ஆகாது.

பெரியம்மா பெல்ட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "பொம்மைக்கு வேற எங்கயாச்சும் வாங்கிக்கங்க."

திரும்பும்போது காரில், "படிக்காத ஜனம், எதையும் தொவைச்சிடும்" என்றார். ஆமாம் சார் என்றேன்.

நேற்று பெரியம்மாவிடம் போனில், "பெரிய ஆளு வராரு, எல்லாத்தையும் சுத்தமா வைங்க" என்று சொன்னது நான். வீட்டை நினைத்துத்தான் சொன்னேன்.