கல்லாவில் ஒட்டிய சோப்பு அட்டை

அன்பு மகளுக்கு,

நம் கடையில் பில் போடும் அக்கா மேல் நான் போட்ட பழி பொய். தப்பு செய்தவன் நான். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் முதலில் கேட்டிருக்கவேண்டும், இதைச் சொல்லாமல் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே நாங்கள் நலம், உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

போன முறை வந்தபோது நீ ஒரு ஏற்பாடு செய்தாயே, பில் போடப் போட எது எவ்வளவு போகிறது என்று அப்போதே பார்த்து, அடுத்து என்ன வேண்டும் என்று மொத்த வியாபாரிக்கு அதுவே சொல்லியனுப்புமே, அதுதான் விஷயம். முப்பது வருஷமாக ஆள் முகத்தைப் பார்த்தே சரக்கு எடுத்தவனுக்கு இது தேவையா என்று எரிச்சல். கூட்ட நேரத்தில் நானும் பில் போட உட்காரும்போது, ஒவ்வொரு பொருளாகத் திருப்பி அந்தக் கருப்புக் கோடுகளை, அந்த பார்கோடைத் தேட எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் எலுமிச்சை சோப்பு அட்டை ஒன்றைக் கல்லாவில் ஒட்டிவைத்து, அதே விலையில் எது வந்தாலும் ஐந்து வாரமாக அதையே மெஷினுக்குக் காட்டினேன். காசு சரியாக இருந்தது, அது போதாதா என்று இருந்துவிட்டேன். மெஷின் பாவம், ஊரே மூன்று வேளையும் குளிக்கிறது என்று நம்பிவிட்டது. வந்து இறங்கியது நாற்பது பெட்டி சோப்பு. அதே விலைக்கு விற்கும் குழந்தைப் பால்பவுடர் ஒரு பாக்கெட்கூட வரவில்லை. கைக்குழந்தைக்கு வாங்க வந்த தையல்காரர் சோப்பு மலையைப் பார்த்துவிட்டு, ஏங்க, இதைக் கரைச்சு ஊத்தினா குடிக்குமா என்று கேட்டார். கடையே சிரித்தது. மானம் போன கோபத்தில் அக்காவைப் பார்த்து, கண்ணை எங்க வச்சுட்டு பில் போடுற என்று கத்தினேன். பதினோரு வருஷமாக நம் கடையில் இருப்பவள், பள்ளிக்கூடத்துக்கு உனக்குத் தலை பின்னிவிட்டவள். அந்த அட்டையை ஒரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு முதலாளி என்று சொல்லி, கல்லாச் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

உன் ஏற்பாடு உசத்தி என்று எழுதமாட்டேன். நான் சொன்ன பொய்யைத்தான் அது நம்பியது, அவ்வளவுதான். நீ நன்றாக இரு, என் பிடிவாதம் மட்டும் உனக்கு வரவேண்டாம்.

இனி ஆகவேண்டியது. அந்த ஐந்து வார விற்பனையை நீ அங்கிருந்தே நீக்கிவிடு, இல்லாவிட்டால் மறுபடியும் சோப்புதான் வரும். பெட்டிகளைத் திருப்பி அனுப்புவது உன் மாமா. தையல்காரர் வீட்டுக்குப் பால்பவுடர் தேடிக் கொடுப்பது அம்மா, கொடுத்தும்விட்டாள். அக்கா வீட்டுப் படி ஏறுவது நான். கூட்ட நேரத்தில், அதே ஆட்கள் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்வதும் நான். கல்லாவில் ஒட்டிய அட்டையை இன்னும் எடுக்கவில்லை. அதை அவள் வந்து, எல்லாரும் பார்க்க, தன் கையால் பிய்த்துப் போடவேண்டும்.

உன் அப்பா