வெளியே ஒரு நாற்காலி

என் மயக்க டாக்டருக்கு,

நேற்று உன் அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். என் ஆபரேஷனுக்கு நீதான் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "முடியாது. வேற யாரையாவது கேளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமைப் பதவிக்கு நீயா நானா என்று முட்டிமோதி, விவாகரத்தும் வாங்கி, அதன் பிறகும் ஒரே ஆபரேஷன் தியேட்டரில் நான் கத்தியோடும் நீ ஊசியோடும் நின்றவர்கள் நாம். "பழைய பகைய இப்பதான் தீத்துக்கறியா?" என்று சீறினேன்.

"சொந்தக்காரங்களுக்கு நான் மருந்து குடுக்கறதில்ல. கை நடுங்கும்" என்றாய்.

சாக்குச் சொல்கிறாய் என்று திட்டிக்கொண்டே கார் வரைக்கும் போனேன். சாவியைத் தேடும்போதுதான் உறைத்தது. கோர்ட் பிரித்துவிட்ட பிறகும் என்னை நீ அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறாய். அங்கேயே நின்று அழுதேன். காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

படத்தில் இருப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும்தான் பார்த்தாயே.

வியாழக்கிழமை உன் ஜூனியர் பெண் மருந்து கொடுக்கிறாள். நீ உள்ளே வராதே. தியேட்டருக்கு வெளியே அந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றனவே, தினமும் நாம் தாண்டிப்போய் ஒருநாளும் உட்காராதவை, அங்கே உட்கார். நர்ஸ் கதவைத் திறந்து, "இவங்க சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டால் எழுந்து நில்.

உன் அவசரக்காரி