அந்த வைன் யாருக்கு

செப்டம்பர் 12, வெள்ளி. ஹரோ, லண்டன்.

இத்தாலியில் மலையுச்சி வைன் கிராமம் ஒன்றுக்கு நானும் என் காதலி மீராவும் போகிறோம். விமானம், அறை, வாடகைக் கார் எல்லாம் பதிவு செய்தாயிற்று. மீராவைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தனியாகப் போவதாகச் சொல்லி, லாப்டாப்பில் படம் காட்டினேன்.

"மலையெண்டால் உச்சியிலை கோயில் இருக்குமே?"

"மாதா கோயில் இருக்கு. மிச்சமெல்லாம் வைன்தான்."

"நீ குடிப்பியோ?"

"கார் ஓட்டுறது நான். எப்பிடிக் குடிக்கிறது?"

"அப்ப அந்த வைன் ஆருக்கடா?"

லாப்டாப்பை மூடினேன். அம்மா எழுந்து படுக்கப் போய்விட்டார். கோபமென்றால் சமையலறையில் பாத்திரம் உருளும். இன்று ஒரு சத்தமும் இல்லை, அதுதான் தூங்கவிடவில்லை. பக்கத்து அறையில் அம்மாவின் இருமல் கேட்கிறது. அவரும் விழித்துத்தான் இருக்கிறார். போய்ச் சொல்லிவிடுகிறேன்.