கோடிட்ட இடத்தை மட்டும் படித்தேன், மங்கா

என் அன்புத் தங்கச்சி மங்காவுக்கு,

உன் மகன் பாலு என் அட்டைகளை எரித்துவிட்டான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு முப்பத்து மூன்று வருஷமாக நான் உனக்குப் போட்ட தபால் அட்டைகள் அத்தனையும் இந்தப் போகியில், பிய்ந்த பாயோடும் பழைய முறத்தோடும், உன் வீட்டு வாசலில் எரிந்து போயின. இனி உன் விலாசத்துக்கு எழுதிப் பயனில்லை. அதனால் ஊரறியப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நீ எங்கிருந்தாவது படித்துக்கொள்.

எரித்ததை அவனே வந்து சொன்னான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் வந்து நின்றான்.

“வெள்ளை அடிச்சிக்கினு இருந்தோம் மாமா. பரண்ல அம்மா பெட்டி. ஒரே கரையான், பேஜாரா போச்சி. உள்ள பார்த்தா பழைய இங்கிலீஷ் பாடம். சரி, போட்ருன்னு தேவி சொல்லிச்சி” என்று பெண்டாட்டி மேல் போட்டான்.

“அது என் கையெழுத்துடா. உங்கப்பன் வூட்டுச் சொத்தா?”

“எங்கப்பன் வூட்டுப் பரண்ல தான மாமா இருந்துது?” என்றான். வாயில் உன் வீட்டுக்காரரை அப்படியே கொண்டிருக்கிறான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் ஒன்பதாவது பெயில். நீ எட்டாவதோடு நின்றாய். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டு, அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை வைத்து நானே படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நீயும் படித்தாய். அதன் கடைசியில் ஒரு நீளப் பட்டியல். எந்த வினைக்குப் பின்னால் ‘டு’ வரும், எதற்கு ‘ஃபார்’, எதற்கு ‘ஃப்ரம்’ என்று அகர வரிசையில் இருக்கும். அதில்தான் நம் இரண்டு பேருக்கும் சண்டையே. உனக்குக் கல்யாணம் ஆனபோது அந்தப் பட்டியலை நடுவில் பிரித்தேன். முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. உன் பாதியில் இருக்கும் வினையை நான் கேட்க வேண்டும், என் பாதியில் இருப்பதை நீ கேட்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுதி, நடுவில் கோடு போட்டு அனுப்பினால், அடுத்தவர் நிரப்பி அடுத்த கேள்வியோடு பதில் போட வேண்டும். அட்டைக்கு ஒரு வினை. இதுதான் நாம் வைத்துக்கொண்ட சட்டம்.

ஒரு மணி நேர பஸ் பயணத்துக்கு எதற்கு அட்டை என்று கேட்பார்கள். பாலுவின் காது குத்துக்கு நான் சீர்த்தட்டோடு கிளம்பினேன். விக்கிரவாண்டியில் பஸ் டயர் வெடித்தது. நான் வந்து சேர்ந்தபோது உன் வீட்டுக்காரர் தன் பங்காளி மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தி முடித்திருந்தார். தாய்மாமன் நான் இருக்கும்போது! “நேரம் போயிடுச்சி மச்சான், பத்தரு அவசரப்பட்டாரு” என்றார். தட்டை வாசலில் வைத்தேன். அவர் என்னிடம் தப்பு என்று சொல்லும்வரை அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றேன். அவர் சொல்லவில்லை. நானும் மிதிக்கவில்லை. உன்னையும் அவர் இங்கே அனுப்பவில்லை. அம்மா சாவுக்கு ஒருநாள் வந்தாய், அதோடு சரி. போன் வந்த பிறகும், அவர் எடுத்துப் பேசிவிடுவாரோ என்று நான் அட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாலு போனதும் நீ எனக்குப் போட்ட அட்டைகளைக் கீழே இறக்கினேன். என்னுடையவை போனால் என்ன, உன் அட்டையைப் பார்த்து நான் எழுதியதைத் திரும்ப எழுதிவிடலாம் என்று வீம்பாக உட்கார்ந்தேன். உன் அட்டைகளை வரிசையாக நான் ஒருநாளும் படித்ததில்லை, மங்கா. ஒன்று வந்தால் கோடிட்ட இடத்தைப் பார்ப்பேன், நிரப்புவேன், கட்டோடு சேர்த்துவிடுவேன்.

‘நோபடி டாக்ஸ் —— மீ.’ யாரும் என்னோடு பேசுவதில்லை. நான் ‘டு’ என்று எழுதினேன். ‘வித்’ போட்டாலும் தப்பில்லை என்று ஒரு குறிப்பு வேறு.

‘ஐ ஆம் வெயிட்டிங் —— மை பிரதர்.’ என் அண்ணனுக்காகக் காத்திருக்கிறேன். ‘ஃபார்’ என்று எழுதினேன். இதையே நாலு வருஷத்தில் ஆறு முறை கேட்டிருக்கிறாய். ஆறாவது முறை நான் என்ன எழுதினேன் என்று நினைவிருக்கிறது. “ஏற்கெனவே கேட்டதைக் கேட்காதே. சட்டம் மறந்துவிட்டதா?”

நான் உனக்கு அனுப்பியவை மட்டும் என்ன? ‘யுவர் ஹஸ்பெண்ட் மஸ்ட் அப்பாலஜைஸ் —— மீ.’ உன் வீட்டுக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ ‘டு’ என்று அழகாக நிரப்பி அனுப்பினாய். அதை அடுப்படியில் வைத்து எழுதினாயா, அவர் இல்லாத நேரம் பார்த்து எழுதினாயா?

கடைசி அட்டை போன ஆடிக்கு முந்தின ஆடியில் வந்தது. ‘ஐ சஃபர் —— செஸ்ட் பெயின்.’ எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று நீ எழுதினாய். நான் ‘ஃப்ரம்’ என்று எழுதி அடிக்கோடிட்டு, கீழே அடுத்த வினையைக் கேட்டுத் தபாலில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. பாலுதான் போன் செய்தான்.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்தேன். உன்னைத் தெருப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். அங்கேயே போர்த்தினேன். படியை மிதிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று என்று அப்போது ஒரு சின்னத் திருப்தி எனக்கு இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது? எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் என் வாசலில் வண்டியை மெதுவாக்குவதுகூட இல்லை.

பாலு அன்று வெறுமனே வரவில்லை. கிளம்பும்போதுதான் மெல்லச் சொன்னான்.

“மாசியில பாப்பாவுக்குக் காது குத்தறோம் மாமா. தேவியோட அண்ணன் மடியிலதான். நீங்க வரணும்.”

“வர்றேன்னு நான் சொல்லலியே.”

“தெரியும் மாமா. அம்மா இருந்தா சொல்லியிருக்கும், அதான் நான் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மல்லாட்டை உருண்டை ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனான். இன்னும் பிரிக்கவில்லை.

எரித்தது எரித்ததுதான், அதை நான் மன்னிக்கவில்லை. உன் வீட்டுக்காரர் செய்ததும் தப்புதான், அதிலும் நான் மாறவில்லை. ஆனால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. எழுதி வைக்கிறேன்.

தேவி இனிமேல் எதை எரிப்பதானாலும் ஒரு தாளையாவது முழுசாகப் படித்துவிட்டு எரிக்க வேண்டும். உன் பாதிப் பட்டியல் அந்தப் பெட்டியில்தான் இருந்ததா, வேறெங்காவது கிடக்கிறதா என்று பாலு தேட வேண்டும். கிடைத்தால் என்னிடம் தர வேண்டாம், உன் படத்துக்குக் கீழே வைக்கட்டும். உன் வீட்டுக்காரர் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உன் அட்டைகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன், அவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும். நான் அந்தப் படியை மிதித்து உள்ளே வர வேண்டும். வருவேன், இது சத்தியம்.

தேவியின் அண்ணனும் வெளியூர்தான். அவன் வருகிற பஸ் எங்காவது நின்றுபோனால், பத்தர் காத்திருக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டும். குழந்தை அழுதாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். வாசலில் நின்று அவன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன் நான்.

ஆறு முறை கேட்டும் வராத உன் அண்ணன்,
ஏழுமலை
திண்டிவனம்