மோட்டார் ரூம் பல்பும் முண்டகன் நெல்லும்

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி 5

கண்ணு யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் ரெண்டு எருமையும் சுகம், நெல்லுக்குத்தான் சுகமில்லை. அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ நல்லாயிருக்க மாரியாத்தா துணை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, இது உங்கப்பா காதில் விழக்கூடாத சமாச்சாரம், அவரோ நாலு நாளாக ராத்திரி வயல் காவல் என்று நான் பேசுகிற இடத்திலேயே வந்து படுக்கிறார். பாவா கடை இர்பான் புதன்கிழமை அங்கே வருகிறான், ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன், எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

வயலெல்லாம் கதிர் வாங்கியாச்சு, மோட்டார் ரூமைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் பச்சையாகவே நிற்குது என்று உங்கப்பா ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டாரல்லவா, நீயும் படித்ததையெல்லாம் கொட்டினாய். ரெண்டாம் போகத்து முண்டகன் நெல்லு ராத்திரியை அளந்துதான் பூக்குமாம், ராத்திரி நீண்டால் இலைக்குள்ளே ஏதோ ஜீன் முழித்துக்கொண்டு பூக்கலாம் என்று தண்டுக்கு ஆள் விடுமாம், நடுவிலே வெளிச்சம் பட்டால் விடிந்துவிட்டது என்று ஏமாந்து வாயை மூடிக்கொள்ளுமாம். அவ்வளவுதான், மனுஷன் வாய்க்கால் மேட்டுத் தெருவிளக்குதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, என் நெல்லுக்குத் தூக்கமில்லை என்று பஞ்சாயத்து ஆபீசில் அபேட்சை மனு எழுதிக் கொடுத்துவிட்டார். கிளார்க் லிபின், சேட்டா, உறக்கம் இல்லாதது நெல்லுக்கா உங்களுக்கா என்று கேட்டானாம். இவர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கை அணைக்க வைத்துவிட்டுத்தான் வந்தார். அன்றைக்கே மெம்பர் சிவசங்கரி இருட்டில் நம் எருமைமேல் மோதி, மன்னிச்சுக்கோங்க அக்கா என்று எருமையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஊரே உங்கப்பாவைத் திட்டுது.

குற்றவாளி நான்தான் கண்ணு. வீட்டுக்குள் ரேஞ்சு இல்லை, மோட்டார் ரூம் வாசலில்தான் கிடைக்கும், நீ வேலை முடிந்து கூப்பிடும்போது இங்கே ராத்திரி பதினொன்றரை, உங்கப்பா போன வாரம் வரைக்கும் அந்நேரம் வீட்டில் குறட்டையில் இருப்பார். அம்மா, உன் மூஞ்சியே தெரியலை, பேய்கூடப் பேசற மாதிரி இருக்குது என்று ஒருநாள் சொன்னாயே, மறுநாளே கல்யாணப் பந்தலுக்குப் போடுகிற பெரிய எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன். பவுடர்கூடப் போட்டுக்கொண்டு நின்றேன். ரெண்டு மாசமாக நமக்குப் பேச்சு, நெல்லுக்குப் பாதி ராத்திரியில் விடியல். நெல்லு எப்போது பூக்கும் என்று படிக்கப் போன மகளோடு பேசிப் பேசியே இங்கே நெல்லு பூக்காமல் போச்சு. தை முடிவதற்குள் கதிர் வராவிட்டால் அறுத்து எருமைக்குப் போட்டுவிட்டு முதலமடைக்காரர்கள் மாதிரி மாங்கன்று வைக்கிறேன் என்கிறார். நீ வந்தால் அவல் இடிக்கிற நெல்லு அது.

நாலு நாளாகப் பல்பு பீஸ் போச்சு என்று உன்னிடம் சொன்னது பொய், கழற்றி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். புதுசு வாங்கும்மா என்று நச்சரிக்காதே. இனிமேலாவது பூ வருமா என்று உங்க சாரிடம் கேள். வருமென்றால் போனில் மழை என்று சொல், வராதென்றால் வெயில் என்று சொல், அப்பாவுக்குப் புரியாது. கதிர் வந்ததும் நானே அவரிடம் ஒப்புக்கொண்டு தெருவிளக்கையும் போடச் சொல்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வை, ஸ்வெட்டரைத் துவைத்துப் போடு, நூறு வயசுக்கு நோய்நொடி இல்லாமல் இரு. மறக்காமல் ஒன்று செய், கூப்பிடும்போது உன் பக்கத்து லைட்டை நல்லாப் போட்டுக்கொள். நான் இருட்டிலேயே நின்றுகொள்கிறேன், உன் மூஞ்சி தெரிந்தால் போதும். அந்தச் செல்போன் வெளிச்சத்துக்கே பூக்க மாட்டேன் என்றால், அந்த நெல்லு பூக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னோடு பேசுகிற பேய்,
அம்மா கமலாத்தாள்