புதன்கிழமை மீன் சூப்

செப்டம்பர் 4, புதன்
அவர் இன்றும் வந்தார். இது நான்காவது புதன். ஜன்னலோர மேசை, பால் ஊற்றிய மீன் சூப், சோடா ரொட்டி, அரை கிளாஸ் கறுப்பு பியர். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடுகிறார். பிறகு சின்ன நோட்டில் எழுதுகிறார். யார் இந்த மனிதர்?

செப்டம்பர் 5
அண்ணன் மாலகி முடிவே கட்டிவிட்டான். "ஓட்டலுக்கெல்லாம் மார்க் போடுற ஆளுடி. ஒழுங்கா சமை." எங்கள் பப்பில் கவுண்டர் அவன் பொறுப்பு, அடுப்பு என் பொறுப்பு. குடிக்க வருகிறவனுக்குச் சாப்பாடு எதற்கு என்று மூன்று வருடமாக முனகியவன், இன்று மேசைக்குப் பூ வாங்கி வந்திருக்கிறான்.

செப்டம்பர் 11, புதன்
சூப்பில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போட்டேன். பக்கம் முழுக்க எழுதினார்.

செப்டம்பர் 18, புதன்
இன்று பெருஞ்சீரகம். இன்னும் அதிகம் எழுதினார். பிடித்ததா, இல்லையா?

செப்டம்பர் 25, புதன்
கேட்டே விட்டேன்.
பெயர் ஃபின்பார். மலைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பாலில் சீஸ் செய்கிறவர். போன குளிர்காலத்துக் காய்ச்சலில் ருசியும் வாசனையும் போய்விட்டதாம். தானே ருசி பார்க்க முடியாத சீஸை எப்படி விற்பது? கிறிஸ்துமஸுக்குள் திரும்பாவிட்டால் ஆடுகளைக் கொடுத்துவிடுவாராம். அதனால்தான் வாராவாரம் ஒரே சூப். என்ன தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறார்.
"ரெண்டு வாரமா என்னவோ புதுசா தெரியுதும்மா" என்றார்.
ஐயோ, நான்தானே சூப்பை மாத்தினேன். இவருகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னேன்.
நோட்டை மூடினார். "அப்ப மாறினது சூப்பு. நானில்ல." பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 26
ரொட்டி மாவு பிசையும்போதுதான் உறைத்தது. ஒன்றுமே தெரியாதவருக்கு ஒரு சிட்டிகை ஜாதிக்காய் எப்படித் தெரிந்தது?
கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய சீஸ் பண்ணை நம்பரைத் தேடிப் போன் செய்து அதையே கேட்டேன். "ஆட்டுக்குத் தீனி வைக்கணும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 2, புதன்
வரவில்லை. மாலகி இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்தான்.

அக்டோபர் 9, புதன்
வந்தார். பழைய சூப்பையே கொடுத்தேன். நோட்டை எடுக்காமலே சாப்பிட்டுப் போனார்.

அக்டோபர் 16, புதன்
மதியம் இருபது பேருக்குமேல் குடித்த சூப், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஃபின்பார் இரண்டாவது வாயிலேயே கரண்டியைக் கீழே வைத்தார்.
"ஏம்மா, பால் அடிபிடிச்சிருக்கு."
ஓடிப்போய்ச் சட்டியை முகர்ந்தேன். ஆமாம், லேசாக.
என் சமையலைக் குறை சொன்ன ஒருவரைக் கட்டிப்பிடித்தது இதுதான் முதல்முறை.