ஏழு கோப்பைக் காப்பி

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

இங்கே ஜோர்டான் அகதி முகாமில் நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மலையில் மழை உண்டா? இது யாரும் எழுதித் தந்ததல்ல, என் கையெழுத்து! நம்ம போடி ஊர்ப் பிள்ளை நர்ஸ் ஜெனிதான் பழக்கிவிட்டது. இதுவரை எழுதவே அரைமணி ஆகிவிட்டது.

பல நாடுகள் அனுப்பும் அரிசியைத்தான் சமையல்காரர்கள் நாங்கள் அகதிகளுக்குப் பொங்கிப் போடுகிறோம். சிரியாச் சண்டையில் ஊரை விட்டு வந்த இப்ராகிம் தினமும் வரிசையில் நிற்பார். தலை நிமிர மாட்டார். விமானத்தில் குமட்டினால் வாயில் போட்டு மெல்லு என்று நீ துண்டில் முடிந்துவிட்ட ஏலக்காயில் ஒரு கை அவருக்குக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். மறுநாள் என்னையும் ஜெனியையும் தன் தகர வீட்டுக்குக் காப்பி குடிக்க அழைத்தார். ஏலக்காய் போடாத காப்பியை விருந்தாளிக்குக் கொடுப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைவாம்.

குடிக்கக் குடிக்க ஊற்றினார். ருசியாக இருக்கிறதென்று நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஏழாவது கோப்பையில் ஜெனி சிரித்துவிட்டது.

"அப்பு, போதும்னா தலைய இல்ல, கோப்பைய ஆட்டணும்!"

பிறகு அவர் ஏதோ சொன்னார். அந்தப் பேச்சு தெரிந்த ஜெனி எனக்குச் சொன்னது: "பன்னெண்டு வருசமா அடுத்தவங்ககிட்ட கையேந்தி வாங்கித்தான் தின்னாராம். இன்னைக்குத்தான் அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காம்."

குரங்கணி ஏலக்காயாகப் பார்த்துக் கால் கிலோ அனுப்பு. அவரை நான் திருப்பி அழைக்க வேண்டும். எட்டு மாதமாக என் அறைக்கும் ஒருவரும் வந்ததில்லை.

உலை கொதித்துவிட்டது, வர்றேன்.

உன்
தவசி